நாய்க்குட்டிக்கு ஒரு விதை இறங்கவில்லையா? கருத்தடைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டாவது தடுப்பூசிக்காகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போகிறீர்கள். எடை பார்க்கிறார்கள், காது பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள். கடைசியாகப் பின்னங்கால்களுக்கு நடுவே விரலால் தடவிப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிறார்: "ஒண்ணுதான் இறங்கியிருக்கு. ஆறு மாசம் வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா ஆபரேஷன்தான்."

குட்டியோ எதுவுமே நடக்காத மாதிரி மேஜை மேல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. அப்புறம் எதற்கு ஆபரேஷன்? அதுவும் மூன்று கிலோ எடைகூட இல்லாத பொமரேனியனுக்கு, ஷிட்ஸுவுக்கு? வீட்டில் பெரியவர்கள் "இதுக்கெல்லாமா கத்தி வைப்பாங்க?" என்பார்கள். குட்டியை விற்றவரோ "கொஞ்ச நாள்ல தானா இறங்கிடும் சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முதலில், அவசரமாக ஸ்க்ரோல் செய்பவர்களுக்காக.

சுருக்கமாகச் சொன்னால்...

- ஆறு மாதம் ஆகியும் இறங்காத விதை, அதன் பிறகு இறங்குவது மிக அரிது.
- உள்ளே தங்கிவிட்ட விதையில் பிற்காலத்தில் கட்டி வரும் ஆபத்து பல மடங்கு அதிகம்.
- வெளியே இருப்பதை மட்டும் எடுத்தால் போதாது. இரண்டையும் எடுக்க வேண்டும்.
- இது பரம்பரைக் குறைபாடு. அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.
- சின்ன நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கும்போது சர்க்கரை அளவு, உடல் சூடு, ரத்தத் தட்டணுக்கள் ஆகிய மூன்றையும் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

இது என்ன பிரச்னை?

மருத்துவத்தில் இதன் பெயர் கிரிப்டார்க்கிடிசம். கிரேக்க மொழியில் 'கிரிப்டோஸ்' என்றால் ஒளிந்திருப்பது, 'ஆர்க்கிஸ்' என்றால் விதை. (ஆர்க்கிட் பூவின் பெயரும் இதே சொல்லில் இருந்து வந்ததுதான். அந்தச் செடியின் கிழங்கு வடிவம்தான் காரணம்.)

குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது, அதன் விதைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. அங்கிருந்து வயிற்றுக்குள்ளேயே கீழே நகர்ந்து, தொடையிடுக்கில் இருக்கும் ஒரு குறுகிய பாதை வழியாக வெளியே வந்து, விதைப்பைக்குள் இறங்க வேண்டும். நாய்களைப் பொறுத்தவரை இந்தப் பயணம் பிறந்த பிறகுதான் முடிகிறது. பெரும்பாலான குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இரண்டுமே கீழே வந்துவிடும்.

சில குட்டிகளுக்கு ஒன்று மட்டும் வழியிலேயே நின்றுவிடுகிறது. அது வயிற்றுக்குள் நிற்கலாம், தொடையிடுக்குப் பாதையில் நிற்கலாம், அல்லது விதைப்பைக்குச் சற்று மேலே தோலுக்கு அடியில் நிற்கலாம். இரண்டுமே இறங்காமல் போவதும் உண்டு, ஆனால் அது குறைவு. ஒரு பக்கம் என்றால் பெரும்பாலும் வலது பக்கம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "இவனுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் பிறவியிலேயே ஒரே ஒரு விதையோடு பிறக்கும் நாய்கள் மிக மிக அபூர்வம். கண்ணுக்கு ஒன்றுதான் தெரிகிறது என்றால், இன்னொன்று எங்கேயோ உள்ளே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன நாய்களுக்கு ஏன் அதிகம்?

எந்த இன நாய்க்கும் இது வரலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், பாக்ஸர் போன்ற பெரிய நாய்களிலும் பார்க்கிறார்கள். ஆனால் பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில், மால்டீஸ், மினியேச்சர் ஷ்னாஸர், டாஷண்ட் போன்ற சிறிய இனங்களின் பெயர்கள்தான் பட்டியலில் அதிகம் அடிபடுகின்றன.

எவ்வளவு பேருக்கு வருகிறது? பிரிட்டனில் கருத்தடைக்காகக் கொண்டுவரப்பட்ட 3,518 ஆண் நாய்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் 240 நாய்களுக்கு இந்தக் குறைபாடு இருந்தது. 6.8 சதவீதம். தோராயமாக 15 ஆண் நாய்களுக்கு ஒன்று. ஆக, உங்கள் குட்டிக்கு வந்தது ஏதோ உலகத்தில் இல்லாத வியாதி கிடையாது. கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விஷயம்தான்.

காரணம் பெரும்பாலும் மரபணு. அப்பா நாய், அம்மா நாய் இரண்டு பக்கமிருந்தும் இது கடத்தப்படலாம். பெண் நாய்க்கு விதை கிடையாது என்பதால் அதன் உடலில் எந்த அறிகுறியும் தெரியாது. ஆனாலும் குறைபாட்டுக்கான மரபணுவைக் குட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிறிய இனங்களை நெருங்கிய உறவுக்குள்ளேயே தொடர்ந்து இணை சேர்க்கும்போது இது அந்தப் பரம்பரையிலேயே தங்கிவிடுகிறது.

எத்தனை மாதம் காத்திருக்கலாம்?

எட்டு வாரத்தில் ஒன்று தட்டுப்படவில்லை என்பதாலேயே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். குட்டியின் விதை சின்னப் பட்டாணி அளவுதான் இருக்கும். பயந்தாலோ, குளிர்ந்தாலோ, அங்கிருக்கும் தசை சுருங்கி அதை மேலே இழுத்துக்கொள்ளும். ஏ.சி. அறையில், புது ஆள் கையில் நடுங்கிக்கொண்டிருக்கும் குட்டியிடம் தட்டுப்படாத விதை, வீட்டில் மடியில் தூங்கும்போது கைக்குக் கிடைக்கலாம். தொடையிடுக்கில் இருக்கும் கொழுப்பையோ நெறியையோ விதை என்று தவறாக நினைத்துவிடுவதும் நடக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு தடுப்பூசிக்குப் போகும்போதும் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். நான்கு மாதம் ஆகியும் வரவில்லை என்றால் வாய்ப்பு குறைவு. ஆறு மாதத்துக்குள் அந்தத் தொடையிடுக்குப் பாதையே மூடிக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்பதில் அர்த்தம் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் சிலர் "தினமும் எண்ணெய் தடவி கீழ் நோக்கி நீவிவிடுங்க" என்பார்கள். வேண்டாம். அது பயன் தராது, குட்டிக்கு வலிக்கத்தான் செய்யும். விதையை இறக்குவதற்கு ஹார்மோன் ஊசி போடுவது பற்றியும் கேள்விப்படுவீர்கள். அது வேலை செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அப்படியே இறங்கினாலும் மரபணுக் குறைபாடு அப்படியேதான் இருக்கும். விதையை இழுத்து விதைப்பையில் வைத்துத் தைப்பதைப் பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் செய்வதில்லை. குறைபாடுள்ள நாயை நல்ல நாய் என்று காட்டி இனப்பெருக்கத்துக்கு விடவே அது உதவும்.

நல்லாத்தானே இருக்கான்... ஏன் எடுக்கணும்?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. பதில், உடல் சூட்டில் இருந்து தொடங்குகிறது.

நாயின் சாதாரண உடல் வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். விதை நன்றாக வேலை செய்ய இதைவிட இரண்டு, மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் விதைப்பையே உடலுக்கு வெளியே தொங்குகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட விதை, வருடக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. அதனால் விந்தணு உற்பத்தி செய்ய முடியாது. ஆனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும்.

முதல் ஆபத்து, கட்டி. அமெரிக்காவில் விதைக் கட்டி வந்த 410 நாய்களை வைத்து 1976-ல் வெளியான ஆய்வு, இறங்காத விதை உள்ள நாய்களுக்கு இந்த ஆபத்து சுமார் 13 மடங்கு அதிகம் என்றது. 1985-ல் வந்த அடுத்த ஆய்வு அதை 9 மடங்கு என்று கணக்கிட்டது. எண் எதுவாக இருந்தாலும், ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. இப்படி உள்ள எல்லா நாய்க்கும் கட்டி வந்தே தீரும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வந்தால் எங்கே வரும் என்பதுதான் சிக்கல். விதைப்பையில் இருக்கும் விதை வீங்கினால் குளிப்பாட்டும்போதே கையில் தெரிந்துவிடும். வயிற்றுக்குள் வீங்கினால் வெளியே தெரியவே தெரியாது, அது பெரிதாகும் வரை.

இதில் 'செர்டோலி செல்' கட்டி என்று ஒரு வகை உண்டு. அது சில நேரம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஆண் நாய்க்கு முலைக்காம்பு பெரிதாகும். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும். மற்ற ஆண் நாய்கள் பின்னாலேயே மோப்பம் பிடித்துச் சுற்றும். பார்ப்பவர்களுக்கு இது தோல் வியாதி மாதிரிதான் தெரியும். ஷாம்பு மாற்றி, சாப்பாடு மாற்றிப் பல மாதங்கள் போய்விடும். அதற்குள் அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, ரத்த அணுக்கள் உருவாவதையே நிறுத்திவிடலாம். ரத்தசோகை, ரத்தம் உறையாமை, தொற்று என்று போகும் இந்த நிலையில், கட்டியை எடுத்த பிறகும் நாயைக் காப்பாற்ற முடியாமல் போவதுண்டு.

இரண்டாவது ஆபத்து, முறுக்கிக்கொள்வது. வயிற்றுக்குள் பிடிமானம் இல்லாமல் தொங்கும் விதை, தன் ரத்தக்குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளலாம். கட்டி வந்து கனம் கூடினால் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். திடீர் வயிற்று வலி, வாந்தி, சோர்வு என்று வரும். அது அவசர அறுவை சிகிச்சை. நள்ளிரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி தேடி அலையும் வேலை.

ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், ஆரோக்கியமான உடம்பில், நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனும், பத்து வயதில் ரத்தம் குறைந்த நிலையில் செய்யும் ஆபரேஷனும் ஒன்றல்ல. இப்போதே எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"ஒரே ஒரு தடவை கிராஸ் பண்ணிட்டு..."

ஒரு விதை வெளியே இருந்தால் போதும், அந்த நாய்க்குக் குட்டி பிறக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு வருகிறது. "பெடிகிரி நல்லா இருக்கு, ஒரு தடவை கிராஸ் பண்ணிட்டு அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று வாட்ஸ்அப் குரூப்களில் கேட்பார்கள். பதிலுக்கு ஒரு குட்டி, அல்லது பணம்.

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அந்த ஈற்றில் பிறக்கும் ஆண் குட்டிகளில் சிலவற்றுக்கு இதே பிரச்னை வரும். பெண் குட்டிகளோ, வெளியே தெரியாமல் அடுத்த தலைமுறைக்கு எடுத்துப்போகும். அந்தக் குட்டிகளை வாங்கும் ஒவ்வொரு வீடும் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் வந்து நிற்கும். நாய் கண்காட்சிகளிலும், ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் முழுதாக இறங்கியிருக்க வேண்டும் என்பது அடிப்படைத் தகுதி.

முடிந்தால் குட்டி வாங்கிய இடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள். அதே ஜோடியை மறுபடி சேர்க்காமல் இருக்க அவருக்கு அது உதவும். இனி குட்டி வாங்கப் போகிறவர்கள், எட்டு வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சாதாரணக் கருத்தடையில், விதைப்பைக்கு முன்னால் ஒரு சின்னக் கீறல். அதன் வழியாகவே இரண்டையும் எடுத்துவிடுவார்கள். கிராமத்தில் கிடாவுக்கும் காளைக்கும் 'காயடிக்கிறது' என்பார்களே, அதேதான், மயக்க மருந்தோடு, சுத்தமான தியேட்டரில்.

இறங்காத விதை என்றால் கதை கொஞ்சம் நீளும். அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபரேஷன் மாறுகிறது.

தோலுக்கு அடியிலோ தொடையிடுக்கிலோ இருந்தால், நேராக அதன் மேலேயே இன்னொரு சின்னக் கீறல் போட்டு எடுப்பார்கள். நாய்க்கு இது பெரிய சுமை இல்லை.

வயிற்றுக்குள் இருந்தால், பெண் நாய்க்குக் கருப்பை எடுப்பது போல அடிவயிற்றைத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் குருட்டாம்போக்கில் தேடுவதில்லை. சிறுநீர்ப்பைக்குப் பின்னால் விந்துக் குழாய் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் விதை. ஊர் தெரியாத இடத்தில் வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. சில பெரிய மருத்துவமனைகளில் லேப்ரோஸ்கோபி வசதி உண்டு. சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். தழும்பு சிறிது, வலி குறைவு. ஆனால் அது இல்லாமலும் இந்த ஆபரேஷன் நன்றாகவே நடக்கிறது.

முன்கூட்டியே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்ப்பது உதவும். குட்டி நாயின் விதை மிகச் சிறியதாக இருந்தால் ஸ்கேனில் தப்பிவிடவும் கூடும். 'ஸ்கேன்ல எதுவும் தெரியலை' என்றால் 'உள்ளே எதுவும் இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

பாதி ஆபரேஷன் செய்யாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சில நேரங்களில், வெளியே இருக்கும் விதையை மட்டும் எடுத்துவிட்டு "போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். செலவைக் குறைக்க வீட்டுக்காரர்களே அப்படிக் கேட்பதும் உண்டு. நல்ல விதையை எடுத்துவிட்டு, பிரச்னைக்குரியதை உள்ளே விட்டுவிடுகிறோம். கட்டி ஆபத்து அப்படியே இருக்கிறது. ஹார்மோன் சுரப்பதால் சிறுநீரால் எல்லை குறிப்பதும், பெண் நாய் பின்னால் ஓடுவதும் தொடரும். இதைவிடப் பெரிய சிக்கல், வெளியே பார்க்க முழுதாகக் கருத்தடை ஆன நாய் மாதிரியே இருக்கும். வீடு மாறி, டாக்டர் மாறி, ஏழெட்டு வருடம் கழித்து அந்த நாய்க்கு முடி கொட்டத் தொடங்கும்போது, உள்ளே ஒரு விதை இருப்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போன் இருக்கிறதே, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'இரண்டு விதைகளும் அகற்றப்பட்டன. ஒன்று இந்த இடத்தில் இருந்தது' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். உள்ளே இருந்தது வீங்கியோ கெட்டியாகவோ இருந்திருந்தால், திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சின்ன உடம்பு என்றால் கூடுதலாக என்ன பார்க்கணும்?

நாயின் உடலில் ஒரு கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். மூன்று கிலோ நாய்க்கு மொத்தமே கால் லிட்டர் சொச்சம், ஒரு டம்ளர் அளவு. பெரிய நாய்க்குப் பொருட்டே இல்லாத ரத்தக் கசிவு இதற்குப் பெரிய விஷயம். அதனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று, சர்க்கரை அளவு. 'ராத்திரியில் இருந்து எதுவும் கொடுக்காதீங்க' என்ற பொது விதி எல்லா நாய்க்கும் பொருந்தாது. பொம்மை மாதிரி இருக்கும் சின்ன இனக் குட்டிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, மயங்கி விழலாம், வலிப்பு வரலாம். எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும், தண்ணீர் எப்போது வரை கொடுக்கலாம் என்று உங்கள் நாயின் எடையையும் வயதையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் காலை முதல் ஆபரேஷனாக நேரம் வாங்குங்கள்.

இரண்டு, உடல் சூடு. எடைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சின்ன நாய் மயக்கத்தில் வேகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மயக்கம் தெளிய நேரமாகும். கீழே சூடு தரும் விரிப்பு, மேலே போர்வை, நடுவே தொடர்ந்து வெப்பநிலை பார்ப்பது எல்லாம் அவசியம். மயக்கம் தெளியும் வரை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்று, ரத்தப் பரிசோதனை. நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் வெளியே சாதாரணமாகத் துள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. எனவே தட்டணு எண்ணிக்கையோடு சேர்த்து முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றைக் 'காசுக்காகச் சொல்றாங்க' என்று தவிர்க்காதீர்கள். உண்ணி இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள்.

ஷிட்ஸு, பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகலானது. மயக்கம் தெளியும் நேரம்தான் அவற்றுக்கு ஆபத்தான நேரம். இதையும் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சின்ன நாய்களுக்குப் பால் பல் விழாமல் தங்கிவிடுவது, தொப்புளில் குடலிறக்கம் போன்றவை சேர்ந்தே இருப்பது சகஜம். ஒரே மயக்கத்தில் இவற்றையும் சரிசெய்துவிடலாம். முன்னாடியே கேட்டுவைத்தால் இன்னொரு தடவை மயக்க மருந்து கொடுக்கும் வேலை மிச்சம்.

எந்த வயதில்?

பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு கருத்தடை செய்வது நல்லது என்ற பேச்சு சில வருடங்களாக இருக்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 35 இனங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட முடிவுகளில், சீக்கிரம் கருத்தடை செய்த பெரிய நாய்கள் பலவற்றுக்கு மூட்டுப் பிரச்னை கூடியது. சிறிய இனங்களில் அப்படிக் கூடவில்லை. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் வழிகாட்டுதலும், வளர்ந்த பிறகு 20 கிலோவுக்குள் இருக்கும் ஆண் நாய்களுக்கு ஆறு மாதம் என்றே சொல்கிறது. இறங்காத விதைக்காகக் காத்திருக்கும் காலமும் அதே ஆறு மாதம்தான். ரொம்பச் சின்னக் குட்டி என்றால் கொஞ்சம் எடை போடட்டும் என்று டாக்டர் சில மாதம் தள்ளிவைக்கலாம். அது சரி. நாமாக வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் தவறு.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்:

1. விதை எங்கே இருப்பதாகத் தெரிகிறது? ஸ்கேன் தேவையா?
2. வயிற்றுக்குள் இருந்தால் இங்கேயே எடுப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?
3. இந்த எடையுள்ள நாய்களுக்கு இதே ஆபரேஷன் செய்த அனுபவம் உண்டா?
4. மயக்கத்தின்போது இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன், வெப்பநிலை பார்க்கத் தனி ஆள் இருப்பாரா?
5. எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும்?
6. வலி மருந்து எத்தனை நாள் தருவீர்கள்?
7. பில்லில் என்னென்ன அடக்கம்? உள்ளே தேட வேண்டி வந்தால் எவ்வளவு கூடும்?

கடைசிக் கேள்வியைச் சங்கடப்படாமல் கேளுங்கள். சாதாரணக் கருத்தடையைவிட இது செலவு கூடிய ஆபரேஷன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, தியேட்டர் நேரம் என்று ஒவ்வொன்றும் சேரும். தனியார் கிளினிக் கட்டுப்படியாகவில்லை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கூட்டம் இருக்கும், முன்கூட்டியே போய் நாள் வாங்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை இருப்பது அங்கே கிடைக்கும் பெரிய நன்மை.

வீட்டுக்கு வந்த பிறகு...

முதல் நாள்: தள்ளாடும், அதிகம் தூங்கும், முனகும். தரையில் படுக்கை போடுங்கள். சோபா, கட்டில், மாடிப்படி வேண்டாம். டாக்டர் சொன்ன நேரத்தில் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுங்கள். சின்ன நாய் அன்று ராத்திரி வரை எதையுமே தொடவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

அடுத்த 10 முதல் 14 நாள்: கழுத்தில் கோன் கட்டாயம். "பாவமா இருக்கு" என்று பத்து நிமிடம் கழற்றினால் போதும், நக்கித் தையலைப் பிரித்துவிடும். குளியல் கிடையாது. ஓட்டம், குதியாட்டம் கிடையாது. லீஷ் போட்டு மெதுவாக நடத்திக் கூட்டிப்போய் வாருங்கள். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் இந்த ஓய்வு இன்னும் முக்கியம்.

வலி மருந்து: கிளினிக்கில் கொடுத்ததை மட்டும், சொன்ன அளவில். நம் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. சின்ன நாய்க்கு அவை விஷமாகிவிடும்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்: தையலில் இருந்து ரத்தமோ சீழோ வடிவது, வீக்கம் கூடிக்கொண்டே போவது, ஈறு வெளுத்துப்போவது, தொடர் வாந்தி, வயிறு உப்புவது, ஒரு நாளுக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது, எழுப்பினாலும் எழாத சோர்வு.

ஒரு மாதம் வரை: ஏற்கெனவே உருவான விந்தணுக்கள் சில வாரம் உள்ளேயே இருக்கும். அதுவரை கருத்தடை ஆகாத பெண் நாய்களிடம் இருந்து தள்ளிவையுங்கள். ஹார்மோன் குறையவும் சில வாரம் ஆகும். எல்லை குறிப்பதும் ஏறுவதும் பலருக்குக் குறையும். பழகிப்போன நாய்க்கு முழுதாக நிற்காமலும் போகலாம். "காயடிச்சா காவல் காக்காது" என்ற பயம் வேண்டாம். காலிங் பெல் அடித்தால் பொமரேனியன் குரைக்கத்தான் போகிறது.

எடை: கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவைப்படும் கலோரி குறையும். சாப்பாட்டு அளவைக் கொஞ்சம் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று கிலோ நாய்க்கு அரை கிலோ கூடுவது, 60 கிலோ மனிதருக்கு 10 கிலோ கூடுவதற்குச் சமம்.

ஏற்கெனவே வயதான நாய் என்றால்?

ஐந்து, ஆறு வயதாகிவிட்ட நாய்க்கு இப்போதுதான் கவனிக்கிறீர்களா? பதற வேண்டாம், தள்ளியும் போடாதீர்கள். வயிற்று ஸ்கேன், முழு ரத்தப் பரிசோதனை இரண்டையும் செய்துவிட்டு டாக்டரோடு முடிவெடுங்கள். நாய்களுக்கு வரும் விதைக் கட்டிகளில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை, மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு. மஜ்ஜை பாதிக்கும் முன் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

தத்தெடுத்த நாய்க்கு விதைப்பை காலியாக இருக்கிறது, ஆனால் ஆண் நாய் மாதிரியே நடந்துகொள்கிறதா? உள்ளே விதை தங்கியிருக்கிறதா என்பதை ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள் மூலம் கண்டுபிடிக்கலாம். 'ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிடுச்சு' என்று வாய்வழியாக வந்த தகவலை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

2023-ல் வந்த விலங்கு கருத்தடைக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றைச் செய்வது வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன. உங்கள் குட்டிக்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று இதுவரை பார்த்ததே இல்லை என்றால், அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி அது மடியில் தூங்கும்போது, வெதுவெதுப்பான கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒன்றுதான் தட்டுப்படுகிறது என்றால், ஆறு மாதம் என்றைக்கு முடிகிறது என்று போன் காலண்டரில் குறித்துவையுங்கள்.